ஜெயவேல் விடுப்பில் இருக்கிறார்

ஜெயவேல் செத்துப்போன பிறகும் அவனுக்கு மெயில் வந்துகொண்டிருந்தது. கார்குழலி பதில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் வேலை பார்த்த கம்பெனி ராயபுரத்தில் இருந்தது. துறைமுகத்துக்குப் பின்னால், டிரெய்லர் லாரிகள் வரிசையில் நின்று நின்றே குழிந்துபோன ஒரு தெருவில் மாடி அறை. வெளிநாடு போகும் சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலை முடித்து, கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றி, அதற்கான காகிதங்களை அந்தப் பக்கத்து ஏஜென்டுகளுக்கு அனுப்பிவைக்கிற தொழில். முதலாளி சிலுவைமுத்து தூத்துக்குடிக்காரர். முன்பெல்லாம் ஃபேக்ஸில் நடந்தது. மெயில் வந்தபோது கம்பெனி பேரில் ஒரு முகவரி வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஆளாளுக்கு ஒரு கணக்குத் திறந்துகொண்டார்கள். அதனால் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவில் கிள்ளானிலும் இருந்தவர்களுக்குக் கம்பெனியின் பெயர் அவ்வளவாகத் தெரியாது. ஜெயவேலைத் தெரியும்.

அந்த வருஷம் கோடை முடிந்தும் குழாய்த் தண்ணீர் கலங்கலாகவே வந்தது. திருவொற்றியூரில் அவர்கள் இருந்த தெருவில் பலருக்குக் காமாலை. ஜெயவேலுக்கும் வந்தது. லீவு போட்டுவிட்டு, எல்லோரையும் போலக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்துவிட்டுப் படுத்தான். படுத்தவனால் சும்மா படுத்திருக்க முடியவில்லை. தெருமுனையில் ரஹீம் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜெயவேலே அங்கே போய்வந்தான். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. கார்குழலியைக் கூப்பிட்டுக் காதருகே பாஸ்வேர்டைச் சொன்னான்.

"காயிதத்துல எழுதிக்கினு போவாத. மனசுல வெச்சுக்கோ."

அவள் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த விரல்களுக்கு வேலை இல்லாமல் இருந்தது. ரஹீம் கடைக்குப் போவாள், படிப்பாள், வீட்டுக்கு வந்து சொல்லுவாள். அவன் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொல்லுவான். திரும்பப் போய் அடிப்பாள். சில நாட்களில் வேலை பிடிபட்டுவிட்டது. கப்பல் எப்போது கிளம்பும், காகிதத்தில் எந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும், யாருக்கு எப்படி எழுத வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. அவன் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப மாட்டாள். அவளே பதில் போடுவாள், அவன் எழுதுகிற மாதிரியே. கீழே ஜெயவேல் என்று முடிப்பாள்.

பதில்கள் நேரத்துக்குப் போனதால் ஆபீஸில் யாருக்கும் அவனுக்கு நோய் எவ்வளவு முற்றிவிட்டது என்று தெரியவில்லை. பதில் போடுகிறவனுக்கு அப்படி என்ன வந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான் ஆகிப்போனது. மெயிலைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் காலையில் அவன் பேச்சு குழறியது. யாரையோ பார்த்து ஒரு கன்டெய்னர் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னான். கிள்ளானுக்குப் போகும் வெங்காயக் கன்டெய்னர். காகிதத்தில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது, கப்பல் கிளம்புவதற்குள் திருத்தம் அனுப்ப வேண்டும். அவன் தம்பி பாரி ஆட்டோ பிடிக்க ஓடினான். அதை அனுப்பிவிட்டால் இவன் அடங்குவான் என்று கார்குழலிக்குத் தோன்றியது. பக்கத்து வீட்டு அம்முவை உட்காரவைத்துவிட்டு ரஹீம் கடைக்கு ஓடினாள்.

அடித்து முடிக்கும்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே பாரி நின்றான். கதவைத் திறக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

சாவுக்கு வந்த சிலுவைமுத்து வாசலிலேயே உடைந்து நின்றார்.

"பதில் வந்துக்கிட்டே இருந்துச்சேம்மா. நான் சும்மா காமாலைன்னுல்லா நெனச்சேன்."

எல்லாம் அடங்கிய பிறகு ஒரு நாள் ஆரஞ்சுப் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். சுற்றிவளைக்காமல் பேசினார். "அவன் வேலையைத்தானம்மா நீ பாத்திருக்க. அந்தச் சீட்டுலயே வந்து உக்காந்துக்கோ. ரெண்டு மாசத்துக்கு அவன் பேருலயே போகட்டும். ஆள் மாறிப்போச்சுன்னா பார்ட்டிங்க பயந்துருவாங்க, வேற ஏஜென்டப் பாத்துருவாங்க. பெறகு ஒவ்வொருத்தரா மெதுவாச் சொல்லிக்கலாம்."

அப்படித்தான் அவள் அந்த நாற்காலிக்கு வந்தாள். திருவொற்றியூரில் ரயில் ஏறி ராயபுரத்தில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே புடவையை ஒதுக்கிக்கொண்டு நடந்து, மாடி ஏறி, அவன் பெயரைத் திறந்து உட்காருவாள். பக்கத்துச் சீட்டில் பெர்சிஸ் இருந்தாள். அவளும் தூத்துக்குடிதான், முதலாளிக்கு ஒருவகையில் சொந்தம். வாய் ஓயாத பெண். கார்குழலிக்கு அது பிடித்திருந்தது. பதில் சொல்லத் தேவையில்லாத பேச்சு.

இரண்டு மாதத்துக்குப் பிறகு சிங்கப்பூருக்குச் சொன்னாள். கொழும்புக்குச் சொன்னாள். வருந்துகிறோம் என்று ஒரு வரி வந்தது, அடுத்த வரியில் கப்பல் விவரம் கேட்டிருந்தார்கள். கிள்ளானுக்கு மட்டும் சொல்லவில்லை.

"எல்லாருக்கும் சொல்லியாச்சாம்மா?" என்று சிலுவைமுத்து கேட்டார்.

"சொல்லியாச்சு சார்."

கிள்ளானில் இருந்தவன் சுப்புராயன். சென்னையிலிருந்து போகிற கன்டெய்னர்களை அங்கே இறக்கி வேறு கப்பலுக்கு மாற்றிவிடுகிற ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தா. அவனும் ஜெயவேலும் பல வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டதில்லை. தொழில் மெயில் ஆங்கிலத்தில் வரும், அதன் நகல் முதலாளிக்கும் போகும். அது முடிந்ததும் தனியாக இன்னொன்று வரும், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழில். மூன்று தலைமுறையாகக் கிள்ளானில் இருக்கிற குடும்பத்தின் பிள்ளை சுப்புராயன். அவனுக்கு ஜெயவேல் மெட்ராஸ் பாஷை கற்றுக்கொடுத்திருந்தான். சுப்புராயன் அதைத் தப்புத்தப்பாக எழுதுவான். "இன்னா மாமு, கப்பல் வந்துகினு கீதா லா?" என்று அந்த ஊர் 'லா'வையும் ஒட்டிக் கேட்பான்.

ஆபீஸில் வேலை இல்லாத மத்தியானங்களில் கார்குழலி பழைய மெயில்களைப் படித்தாள். ஜெயவேல் எதையும் அழித்திருக்கவில்லை.

'மச்சி, ஞாயித்துக்கெழம கூட பிரவுசிங் சென்டர்ல குந்திக்கினு கீறேன். வூட்ல சாமியாடிக்கினு கீது. பேஜாரா பூட்ச்சி' என்று எழுதியிருந்தான். சாமியாடியது அவள்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு நினைவிருந்தன. சோறு ஆறிக்கொண்டிருக்கும், பெண் அழும், இவன் போய் உட்கார்ந்திருப்பான். போ, போய் அதையே கட்டிக்கோ என்று கத்தியிருக்கிறாள். ஆனால் அவன் எழுதியிருந்த விதத்தில் கோபமே இல்லை. தன் பெண்டாட்டி கத்துவதைக் கடல் தாண்டி ஒருவனுக்குப் பெருமையாகச் சொல்லியிருந்தான். பெர்சிஸ் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் கழிவறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

சுப்புராயன் ஒருமுறை கேட்டான். 'இன்னா மாமு, இப்பல்லாம் வூட்டுல திட்டு வுழறதில்லையா? ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே.'

அவள் எழுதினாள். 'இப்பல்லாம் திட்றதில்ல மாமு. பக்கத்துலயே வந்து குந்திக்கினு கீது.'

அனுப்பிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அது தானாக நடந்தது. காமாலை போச்சா என்று சுப்புராயன் கேட்டான். போச்சு என்று ஜெயவேலாகவே எழுதினாள். கிள்ளானில் ஜெயவேலுக்கு உடம்பு தேறியது. ஆட்டுக்கறி தின்ன ஆரம்பித்தான். பாரியோடு காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்து, விலை அதிகம் கொடுத்ததற்குப் பேச்சு வாங்கினான். பெண்ணுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தான், பின்னால் பிடித்துக்கொண்டே ஓடியதில் மூச்சு வாங்கியது. அவனுக்குக் கொஞ்சம் தொப்பை போட்டது. குரல் கேட்க ஆசையாக இருக்கிறது, போன் பண்ணட்டுமா என்று சுப்புராயன் கேட்டபோது, காசு கொட்டிக் கீதா உனக்கு, எழுது போதும் என்று திட்டி எழுதினான்.

கடலுக்கு அந்தப் பக்கம் இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது இந்தப் பக்கம் அவன் படம் சுவரில் மாட்டியிருந்தது. ஊதுவத்திப் புகை பட்டு மேல் மூலை மங்கிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் அவள் ரஹீம் கடைக்குப் போக ஆரம்பித்தாள். யாரும் கூப்பிடவில்லை. சோற்றை வடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

"இன்னாக்கா, இன்னிக்கி பந்த்து. ஹார்பரே மூடிக் கீது. எவன் மெயில் போடப்போறான்?" என்பான் ரஹீம்.

"கிள்ளான்ல பந்த்து இல்லடா."

"அப்ப கிள்ளான்லயே ஒரு கடை போட்டுடறேன், அங்க வா."

மகள் எழில்மொழியையும் கூட்டிக்கொண்டு போவாள். மூன்றாம் வகுப்பு படிக்கிற பெண். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதும். ஒரு நாள் தலையைத் தூக்கி, "யாருக்கும்மா எழுதறே?" என்றாள்.

"அப்பாவோட தோஸ்துக்கு."

"அப்பா செத்துட்டாருன்னு அவருக்குத் தெரியுமா?"

கார்குழலி அவளை ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகவில்லை. பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அது சாமியாடவில்லை. அது ஒன்றும் கேட்கவும் இல்லை.

பாரிதான் சத்தம் போட்டான். அவன் காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். விடியலில் வேலை முடிந்து, சட்டையெல்லாம் ஈரமாக வந்து நிற்பான்.

"அண்ணன் அந்தப் பொட்டிக்கு மின்னால குந்திக்கினே போய்ச் சேந்தான். நீ வேறயா அண்ணி? லீவுன்னா வூட்ல இரு. கொயந்த மூஞ்சியப் பாத்தியா?"

"நான் இன்னா குடிக்கவா போறேன்?"

"குடிச்சாக்கூடத் தேவல. எங்க வுழுந்து கீறேன்னாவது தெரியும்."

ஒரு திங்கட்கிழமை சிலுவைமுத்து அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு தொழில் மெயிலை அனுப்பியிருந்தாள், நகல் அவருக்கும் போயிருந்தது.

"நேத்து ஞாயித்துக்கெழம. நான் கோயில்ல பூசையில இருக்கேன். நீ மெயில் போட்டிருக்க."

"அவசரம்னு சார்..."

"என்ன அவசரம்? கப்பல் புதன்கிழமைலா?" அவர் மேஜைக் கண்ணாடியை விரலால் துடைத்தார். "அந்தச் சீட்டுல இருந்து ஒருத்தன் எந்திரிக்காமலே போயிட்டான். அவன் செத்துக்கிட்டிருக்கான், நான் இங்க பதில் வந்துட்டுன்னு டீ குடிச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு இன்னும் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது பாத்துக்கோ."

அன்று மாலை எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். லீவில் போகிறவர்கள் மெயிலைத் தொடக் கூடாது. போகும்போது பாஸ்வேர்டைப் பக்கத்துச் சீட்டில் கொடுத்துவிட வேண்டும். வாங்குகிறவர்கள் உடனே அதை மாற்றிவிட வேண்டும், லீவில் இருப்பவர் ஆசைப்பட்டாலும் திறக்க முடியாதபடி. வருகிற மெயிலுக்கெல்லாம் பதிலாக அவரே ஒரு வாசகம் சொன்னார், பெர்சிஸ் அடித்து வைத்துக்கொண்டாள். இன்னார் விடுப்பில் இருக்கிறார். இன்ன கிழமை வருவார். அவசரமானால் எனக்கு எழுதவும்.

தெருவில் வேறெந்த ஆபீஸிலும் அப்படி ஒரு சட்டம் இல்லை. கீழே டீக்கடையில் சிரித்தார்கள். சிலுவை ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்குக்கூட ஈ.எஸ்.ஐ. லீவு உண்டாமே என்றார்கள். ஆனால் மாடியில் எல்லோருக்கும் சந்தோஷம். பெர்சிஸ்தான் முதலில் போனாள், வேளாங்கண்ணிக்கு. திரும்பி வந்து கதை கதையாகச் சொன்னாள்.

"ஏ, மொத நாள் கை நடுங்குச்சு பாத்துக்கோ. எங்க வீட்டுக்காரர் ஜெபமாலையக் கையில குடுத்தாரு, இதை உருட்டுன்னு. மூணாம் நாள் பாஸ்வேர்டே மறந்துபோச்சு. நீயும் எங்கயாவது போயேம்ட்டி."

கார்குழலி எங்கும் போகவில்லை. காய்ச்சல் அடித்தபோது மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெண்ணின் பள்ளியில் ஆண்டு விழா, போகவில்லை. லீவு போட்டால் பெர்சிஸ் அந்தப் பெட்டியைத் திறப்பாள். கிள்ளானிலிருந்து ஒரு மெயில் வந்தால் போதும். ஜெயவேல் போன வருஷமே போய்விட்டாரே என்று பெர்சிஸ் நல்ல மனதோடு ஒரு வரி எழுதிவிடுவாள். அந்த ஒரு வரியில் தொப்பையும் வஞ்சிரமும் சைக்கிளும் எல்லாம் போய்விடும்.

வருஷம் திரும்பியது. அவர்கள் பௌத்தக் குடும்பம், திதி திவசம் என்று கிடையாது. வியாசர்பாடியிலிருந்து பௌத்த சங்கத்துக்காரர் ஒருவர் வருவார், புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, புத்தம் தம்மம் சங்கம் என்று மூன்று சரணமும் சொல்லுவார்கள், வந்தவர்கள் வெள்ளைத் துணியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவ்வளவுதான். பாரி எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டான்.

"வெள்ளிக்கெழம. சனிக்கெழமயும் சேத்து லீவு. நானே உங்க மொதலாளிக்கு போன் போட்டுச் சொல்ட்டேன். நல்லவுருதான் அண்ணி, போன்லயே அழுதாரு."

வியாழக்கிழமை மாலை எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அவள் கிள்ளானுக்கு ஒரு மெயிலை ஆரம்பித்தாள். 'சுப்புராயன் அண்ணனுக்கு' என்று அடித்தாள். அடுத்த வரி வரவில்லை. அழித்தாள். பழைய மெயில்களையெல்லாம் மொத்தமாகக் குறித்து நீக்கிவிடலாம் என்று பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம், அதில் டிக் விழுந்துகொண்டே போனது. கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் அவளுக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு டிக்காகத் திரும்ப எடுத்தாள்.

பெர்சிஸ் கைப்பையோடு நின்றாள். "சீக்கிரம்ட்டி, ரயிலு போயிரும்."

பாஸ்வேர்டைச் சொன்னாள். பெர்சிஸ் முதுகைத் திருப்பி விசைப்பலகையை மறைத்துக்கொண்டு புதியதை அடித்தாள். "நீ பாக்கப்படாது. சார் உத்தரவு."

வெள்ளிக்கிழமை காலை வீட்டில் அண்டா வந்து இறங்கியது. அம்மு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழில்மொழி வெள்ளைப் பாவாடை கட்டிக்கொண்டு படத்தின் கண்ணாடியைத் துடைத்தது. மெழுகுவத்தி போதாது என்று சொல்லிவிட்டு கார்குழலி தெருவில் இறங்கினாள். கால் ரஹீம் கடையில் போய் நின்றது.

"அக்கா, இன்னிக்குமா?" ரஹீம் இந்த முறை சிரிக்கவில்லை. அவனுக்கு நாள் நினைவிருந்தது.

திறக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பெயரை அடித்தாள், பழைய பாஸ்வேர்டை அடித்தாள். சிவப்பில் ஒரு வரி வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி அதே வரி. ஒரு வருஷமாக அவள் விரல் பட்டதும் திறந்த கதவு. உள்ளே அவன் இருக்கிறான், யாரோ அவனிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இவள் வெளியே நிற்கிறாள். கண்ணாடிக் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். வெளியே யாரும் நிற்கவில்லை. வெயில் மட்டும் இருந்தது.

ரஹீம் கடை வாசலில் ஒரு ரூபாய் போன் இருந்தது. காசைப் போட்டு ஆபீஸ் எண்ணை அழுத்தினாள்.

"ஏ, லீவுல போன் பண்ணாதட்டி. சார் பாத்தா என்னை வெட்டிப் போட்டுருவாரு."

"பெர்சிஸ், கிள்ளான்லேர்ந்து எதுனா வந்துச்சா?"

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"வந்துச்சு."

"படிச்சியா?"

"படிக்காம எப்படிப் பதில் போட? மேல இருந்ததைத்தான் படிச்சேன்." பெர்சிஸின் குரல் இறங்கியது. "பெறகு கீழ இருந்ததையும் படிச்சிட்டேன். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருந்துச்சுட்டி. நிறுத்த முடியல."

கார்குழலி ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சாருக்குத் தெரியாது. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"இன்னான்னு பதில் போட்ட?"

"வேற என்னத்தப் போட? சார் சொல்லிக்குடுத்ததைத்தான் போட்டேன். ஜெயவேல் விடுப்பில் இருக்கிறார். திங்கட்கிழமை வருவார்."

அதைக் கேட்டதும் கார்குழலிக்குக் கடற்கரைப் பாறைகள் தெரிந்தன. திருவொற்றியூர்க் கரையில் கொட்டியிருக்கிற கறுத்த பாறைகளில் ஜெயவேல் உட்கார்ந்திருந்தான். லுங்கி கட்டியிருந்தான். கையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் எந்தப் பெட்டியும் இல்லை. அவனை அப்படி ஒரு நாளும் அவள் பார்த்ததில்லை.

"அப்படியே விட்டுருவோமா?" என்றாள் பெர்சிஸ். "திங்கக்கெழம நீ வந்து பாத்துக்கோயேன். யாருக்கு என்ன நட்டம்?"

"அவுரு மறுபடி எழுதினாரா?"

"உடனே எழுதிட்டாரு. இரு, படிக்கேன். ஜெயாவுக்கு லீவா, அதிசயமா இருக்கு, நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. எனக்குப் பையன் பொறந்திருக்கான், அதை அவன்கிட்டதான் மொதல்ல சொல்லணும், நீங்க சொல்லிராதீங்க, திங்கக்கெழம வரைக்கும் காத்துக்கிட்டிருக்கேன். அவ்வளவுதான்."

போன் கீச்சிட்டது. ரஹீம் கல்லாவிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து வந்து அவனே போட்டுவிட்டு உள்ளே போனான்.

"கார்குழலி? இருக்கியா?"

"கீறேன்." அவள் குரலைச் சரிசெய்துகொண்டாள். "திங்கக்கெழம அவன் வரமாட்டான் பெர்சிஸ்."

"தெரியும்ட்டி."

"அவுரு காத்துக்கினு இருப்பாரு."

"என்ன செய்ய, சொல்லு."

"இப்ப எழுது. நான் சொல்றேன்."

விசைப்பலகை இழுபடும் சத்தம் கேட்டது. அவள் சொன்னாள். ஜெயவேல் போன வருஷம் இதே நாளில் செத்துப்போனான். காமாலை. அதற்குப் பிறகு உங்களுக்கு எழுதியதெல்லாம் அவன் பெண்டாட்டி. உடம்பு தேறிவிட்டதாக எழுதியது பொய். வஞ்சிரம் பொய். சைக்கிள் பொய். உங்களைப் பற்றி அவன் வீட்டில் பேசியது மட்டும் நிஜம்.

பெர்சிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்தாள். "மன்னிச்சுக்கோங்கன்னு போடவா?"

"போடாத."

"பையன் பொறந்ததுக்கு வாழ்த்து?"

கார்குழலி யோசித்தாள். அது அவளுக்குச் சொன்ன செய்தி அல்ல. "அதுவும் வாணாம்."

"அனுப்பவா?"

தெருவில் பாரி வந்துகொண்டிருந்தான். அண்ணியைத் தேடிக்கொண்டுதான் வருகிறான், ஆனால் ஓடி வரவில்லை. தோளில் வெள்ளைத் துண்டு போட்டிருந்தான். அவளைப் போனும் கையுமாகப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"அனுப்பு" என்றாள்.

வீட்டில் சங்கத்துக்காரர் வந்திருந்தார். மெழுகுவத்தி வாங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, பாரி திட்டிக்கொண்டே வாங்கப் போனான். சரணம் சொல்லும்போது எழில்மொழியின் குரல் எல்லோருக்கும் முன்னால் போனது. சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகும் அவள் சுவரில் சாய்ந்து அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பெண் வந்து மடியில் தலை வைத்துக்கொண்டது. எங்கும் போகலையா என்று கேட்கவில்லை. புடவைத் தலைப்பை மட்டும் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவள் வீட்டில் இருந்தாள். வீடு மிகவும் சத்தமில்லாமல் இருந்தது. இத்தனை நாள் எங்கோ ஒரு பக்கத்தில் ஒரு ஆள் நடமாடிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது, இப்போது எந்தப் பக்கத்திலும் இல்லை. பகலில் கண்ணயர்ந்தபோது விசைப்பலகைச் சத்தம் கேட்டு எழுந்தாள். அம்மு வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பெர்சிஸ் பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினாள். "படிச்சிட்டுக் கிழிச்சிரு. நீயே மாத்திக்கோ." வேறு எதுவும் பேசவில்லை. பெர்சிஸ் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை.

கிள்ளானிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. கார்குழலி கொஞ்ச நேரம் அதைத் திறக்காமல் பார்த்தாள். பிறகு திறந்தாள்.

ஆங்கிலத்தில் இருந்தது. மேடம் என்று தொடங்கியது. தங்கள் தகவல் குறித்துக்கொள்ளப்பட்டது, நன்றி. இந்த வாரம் அனுப்பும் வெங்காயக் கன்டெய்னரின் நிலவரம் தெரிவிக்கவும். கீழே சுப்புராயன் என்று முழுப்பெயர். அதுவரை அவன் சுப்பு என்றுதான் முடிப்பான்.

வேறு ஏதாவது இருக்கும் என்று கீழே தள்ளிப் பார்த்தாள். எப்போதும் அவன் மெயிலுக்குக் கீழே பழையதெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கிக்கொண்டு வரும், இருவரும் எழுதியது அத்தனையும். இதில் ஒன்றும் இல்லை. புதிதாகத் திறந்து எழுதிய மெயில். பெயருக்குக் கீழே வெள்ளையாக இருந்தது.

முதலாளி அறையிலிருந்து சிலுவைமுத்து எட்டிப் பார்த்தார். "நல்லபடியா முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது சார்."

"ரெண்டு நாள் மெயிலத் தொடாம இருந்தியே, ஒலகம் ஒண்ணும் முழுகிப்போகலல்லா?"

"இல்ல சார்."

அவர் திருப்தியோடு உள்ளே போனார்.

அவள் பதில் எழுதினாள். கன்டெய்னர் எண், கப்பலின் பெயர், கிளம்பும் நாள். சரிபார்த்தாள். கடைசியில் விரல்கள் பழக்கத்தில் அவன் பெயரின் முதல் எழுத்துக்குப் போயின. நிறுத்தி, கார்குழலி என்று அடித்தாள். கிள்ளானுக்குப் போகிற மெயிலில் அந்தப் பெயரை அவள் அடித்ததே இல்லை. அனுப்பினாள்.

போனதைத் திறந்து பார்த்தாள். கணக்கு அவன் திறந்தது, மேலே அனுப்பியவர் என்ற இடத்தில் ஜெயவேல் என்றுதான் இருந்தது. கீழே அவள் பெயர் இருந்தது. நடுவில் வெங்காயம்.

அங்கே அதைத் திறக்கிறவன் முதலில் எந்தப் பெயரைப் படிப்பான் என்று யோசித்துக்கொண்டு அவள் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.